வீணாகக் கடலில் கலக்கும் காடு

உலகிலேயே இரண்டாவது பெரிய அலையாத்திக் காடு பிச்சாவரம். இதைச் சொல்லாத சுற்றுலாத் துண்டறிக்கை உண்டா, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி உண்டா, மைக்கைப் பிடித்த யூடியூபர்தான் உண்டா? இந்தியாவிலும் வங்கதேசத்திலும் விரிந்து கிடக்கும் சுந்தரவனம் ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர். ராம்சார் ஈரநிலப் பட்டியலுக்காக அளந்து கொடுத்த கணக்கில் பிச்சாவரம் 1,478 ஹெக்டேர். பதினைந்து சதுர கிலோமீட்டர் கூடத் தேறாது. பத்தாயிரத்துக்கு அடுத்த எண் பதினைந்து என்று சொல்லிக்கொடுத்த வாத்தியார் யாரோ, அவருக்கு ஒரு நல்லாசிரியர் விருது தரலாம். இந்தோனேசியாவும் பிரேசிலும் நைஜீரியாவும் வரிசையில் பின்னால் போய் நிற்கட்டும். அவ்வளவு தூரம் எதற்கு, நம் முத்துப்பேட்டைச் சதுப்பே இதைவிடப் பெரியது. திருவாரூர் மாவட்டத்துக்காரர்கள் பெருந்தன்மையானவர்கள், இன்னும் வழக்குப் போடவில்லை.

ஊர்ப்பெருமைதானே, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பெருமை யாருக்கு வசதி என்று பாருங்கள். உலகின் இரண்டாவது பெரிய காட்டுக்கு ஓர் ஓரத்தில் ஏதாவது நடந்தால் யார் கவலைப்படுவார்கள்? காடு சென்னை மாநகராட்சிப் பரப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான், ஒரு கையால் மூடிவிடலாம் என்று உண்மையைச் சொன்னால் வயிற்றைக் கலக்கும். வயிற்றைக் கலக்கும் உண்மையை டிக்கெட் கவுன்டரில் எழுதிப் போட முடியாது.

கார்த்திகை, மார்கழியில் வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. அரையாண்டு விடுமுறைக்கும் பொங்கலுக்கும் மனிதர்களும் வந்து இறங்குகிறார்கள். இந்தக் காட்டிலும் அதைச் சுற்றியும் 177 வகைப் பறவைகளை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உள்ளானும் உப்புக்கொத்தியும் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் நீர்க்காகமும் செம்பருந்தும் நான்கு வகை மீன்கொத்தியும் அதில் அடக்கம். வலசை வரும் கரைப்பறவைகள் பெரும்பாலும் மேய்வது திறந்த சேற்றுத் திட்டில். தண்ணீர் வற்றிச் சேறு வெளியே தெரியும் நேரத்தில், முகத்துவாரத்துப் பக்கம் பொறுமையாக ஒதுங்கி நின்றால் அவற்றைப் பார்க்கலாம். ஏற்றமும் வற்றமும் நிலவைக் கேட்டு வருகின்றன. படகுத்துறையோ அலுவலக நேரத்தைக் கேட்டுத் திறக்கிறது. அப்புறம் படகு போவது சேற்றுத் திட்டுக்கா? இல்லை, கிளைகள் கூரைபோல மூடிய குறுகலான வாய்க்காலுக்குள். சினிமாவில் வந்தது அந்த வாய்க்கால்தானே! 1975-ல் ‘இதயக்கனி’, 2008-ல் ‘தசாவதாரம்’, 2017-ல் ‘துப்பறிவாளன்’. தமிழனுக்கு ஒரு காடு இருக்கிறது என்று நிரூபணமாக வேண்டுமானால் அதில் ஒரு கதாநாயகன் நீந்தியிருக்க வேண்டும்.

மோட்டார் படகொன்றில் ஒரு குடும்பம். ஆளுக்கொரு ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டை, நடுவில் புளூடூத் ஸ்பீக்கர், அதில் குத்துப்பாட்டு. புத்தம் புதிய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டியிருந்த அப்பா படகோட்டியிடம் கேட்டார்:

“பறவையெல்லாம் எங்கண்ணே?”

“நீங்க பாட்டுப் போடுற வரைக்கும் இங்கதான் சார் இருந்துச்சு.”

பின்னால் உட்கார்ந்திருந்த பையன் மட்டும் சிரித்தான். அப்பாவுக்குக் காதில் விழவில்லை. பாட்டு அவ்வளவு சத்தம்.

இவரைத் திட்டிக் கட்டுரை எழுதுவது சுலபம். நம் இயற்கை எழுத்தாளர்களில் பாதிப் பேர் பிழைப்பதே அதில்தான்: குப்பை போடாதீர், கத்தாதீர், செல்ஃபி எடுக்காதீர். அந்த அப்பா செய்தது சின்னத் தப்பு. உள்ளான் எழுந்து பறந்து அரை கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொள்ளும். இந்தக் காட்டுக்குப் பெரிய தப்புச் செய்தவர்கள் யாரும் படகில் ஏறியதே இல்லை. அவர்களுக்கு மேடை இருக்கிறது, கோப்பு இருக்கிறது, மதகின் சாவி இருக்கிறது.

மேடையிலிருந்து தொடங்குவோம். 1971 பிப்ரவரி 2 அன்று ஈரானின் ராம்சார் நகரத்தில் கையெழுத்தான ஈரநில ஒப்பந்தத்தின் பட்டியலில் பிச்சாவரமும் கரிக்கிலியும் பள்ளிக்கரணையும் சேர்ந்த செய்தி 2022 ஜூலையில் ஒரே நாளில் வந்தது. இன்று தமிழ்நாட்டில் 20 ராம்சார் தலங்கள், இந்தியாவிலேயே நாம்தான் முதலிடம். நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கரணைக்குச் சான்றிதழ் வந்தபோது சதுப்பின் மேலேயே பெருங்குடிக் குப்பைமேடு குந்தியிருந்தது, அதற்கும் சேர்த்துச் சான்றிதழ் கொடுத்தார்களோ என்னவோ. ஆண்டுதோறும் பிப்ரவரி 2 வந்தால் உலக ஈரநில நாள். ஏசி அறை, பொன்னாடை, பூங்கொத்து, மேசைக்கு மேசை பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். பின்னால் பத்தடி அகல ஃப்ளெக்ஸ், அதில் இந்தப் பக்கமே வந்திராத ஏதோ ஒரு வெள்ளை அன்னம். ஈரநிலத்தைப் பற்றி இவ்வளவு ஈரமில்லாமல் பேச நம்மால் மட்டும்தான் முடியும்.

பிப்ரவரி முடிந்தால் டிசம்பர் 26. சுனாமி நினைவு நாளில் எல்லாப் பேச்சாளருக்கும் அலையாத்திமேல் திடீர்க் காதல். 2004-ல் பிச்சாவரத்தை ஒட்டிய 18 குப்பங்களை ஆராய்ந்து, மரங்கள் இருந்த இடத்தில் சாவும் சேதமும் குறைவு என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசனும் இராஜேந்திரனும் 2005-ல் எழுதினார்கள். காப்பாற்றியது மரமா, அல்லது கடலிலிருந்து இருந்த தூரமும் மேடுமா என்று மறுத்து எழுதியவர்களும் உண்டு. அறிவியல் இப்படித்தான் சந்தேகப்பட்டு நடக்கும். மேடைக்குச் சந்தேகமே கிடையாது: “நம்மைக் காத்த அன்னை அலையாத்தி!” கைத்தட்டல். காடு இருந்தும் எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. முகத்துவாரத்து மணல் திட்டில் இருந்த அந்த மீனவக் குப்பத்தில் இன்று மிச்சம் இடிந்த சுவர்கள்தான். அன்னையைப் புகழ்கிறவர்கள் அந்தத் திட்டின் பக்கம் படகைத் திருப்பச் சொல்வதில்லை.

இந்த அன்னையை மொட்டையடித்தது யார்? ஆடா, மாடா, விறகு பொறுக்கிய கிழவியா? நீண்ட காலம் கோப்புகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தன. உண்மையில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970-கள் வரை வனத்துறையே கூப்பு பிரித்து, ஏலம் விட்டு, வரிசையாக வெட்டி விற்றது. காப்புக்காடு என்று பெயர். காப்பு யாருக்கு என்பது ஏலம் எடுத்தவருக்குத் தெரியும். மரம் போன இடத்தில் வெயில் நேராகச் சேற்றில் இறங்கியது. சேறு காய்ந்து அமுங்கி நடுவில் தொட்டிபோலப் பள்ளம் விழுந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி, ஆவியாகி, உப்பை விட்டுவிட்டுப் போனது. வருஷா வருஷம் உப்பின்மேல் உப்பு. பிறகு அங்கே கண்டலும் முளைக்கவில்லை, சுரபுன்னையும் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வந்து மண்ணை அளந்து இந்தக் கதையைக் கண்டுபிடித்தது. மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள், தண்ணீர் வந்து போக வழி பிறந்தது, கன்று பிழைத்தது. மண்வெட்டி பிடித்தவர்கள் யார்? காட்டை அழித்தவர்கள் என்று பழி சுமந்த அதே ஊர்க்காரர்கள். அந்தப் பழியை எழுதிய கோப்பு எதுவும் மன்னிப்புக் கேட்டு மூடப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சில அலுவலகங்களில் மரம் இல்லாமலேயே அந்த வேலை நடக்கிறது.

கிள்ளைப் பக்கம் எம்.ஜி.ஆர். நகரும் இருக்கிறது, கலைஞர் நகரும் இருக்கிறது. இரண்டு முதல்வர்களின் பெயரையும் சுமக்கும் இந்தக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் இருளர்கள். இரண்டு பெயர் கிடைத்த அளவுக்குச் சுலபமாக ஒரு சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. தாங்கள் பழங்குடிதான் என்று நிரூபிக்கத் தலைமுறையாக வட்டாட்சியர் அலுவலக வாசலில் நின்றவர்கள். இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில் இறங்கி, பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் இவர்கள். வலை கிடையாது, மோட்டார் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. பக்கத்தில் கொக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது, பறந்து போவதில்லை. அந்தக் கொக்கு நமக்கு இயற்கை, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண் அத்துமீறல்! டிக்கெட் வாங்கி மோட்டாரில் கத்திக்கொண்டு போனால் அது சூழல் சுற்றுலா. திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு டிரோன் பறக்கவிட்டால் அது மாவட்டத்துக்குப் பெருமை. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் வழக்கில் மாட்டி, உரிமைப் பட்டா கொடுக்க 2016-ல் உச்ச நீதிமன்றம் வழிவிடும்வரை சட்டம் பெட்டிக்குள் தூங்கியது. பத்து ஆண்டுத் தூக்கம்! எந்த அமைச்சராவது எழுப்பிப் பார்த்தாரா?

கையால் இறால் பிடித்தவரைச் சட்டம் எப்படி நடத்துகிறது என்று பார்த்தோம். இயந்திரத்தால் இறால் வளர்த்தவரை எப்படி நடத்தியது என்றும் பார்த்துவிடுவோம். 1990-களில் இறால் பண்ணை தங்கச் சுரங்கம் என்றார்கள், கடலோர நெல்வயல்கள் குளங்களாயின. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருக்கும் பண்ணைகளை, பாரம்பரியமானவை தவிர, அப்புறப்படுத்தச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அப்புறப்பட்டது தீர்ப்புதான். 2005-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, அந்த ஒழுங்குமுறைப் பகுதித் தடை இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்று ஆக்கியது. அந்தச் சட்டத்திலும் மீறினால் சிறை என்று ஒரு வரி இருந்தது. 2023-ல் அந்த வரியையும் எடுத்துவிட்டு அபராதம் ஆக்கினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதிகளுக்கு மரியாதை செலுத்துகிற நாடு இது. தீர்ப்புகளுக்கு அந்த மரியாதை கிடையாது.

வடக்கே, பரங்கிப்பேட்டைப் பக்கம் 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம். அனுமதி 2010-ல். சுற்றியுள்ள ஆலைகளோடு சேர்த்து ஒட்டுமொத்தப் பாதிப்பைக் கணக்கிட்டீர்களா என்று கேட்டு 2012-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை மறு ஆய்வுக்கு அனுப்பியது. நிலையம் ஓடத் தொடங்கிவிட்டது. அதைக் கட்டிய குழுமம் 2018-ல் கடனில் மூழ்கி நாட்டையே ஒரு ஆட்டு ஆட்டியது. புகைபோக்கி மட்டும் மூழ்கவில்லை. இதற்குமேல் அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

ஏனென்றால் இதையெல்லாம்விடப் பெரிய கொலை ஒன்று இருக்கிறது. அதை நாம் எல்லோரும் சேர்ந்து, தினமும், நல்ல தமிழில் செய்கிறோம்.

“பல்லாயிரம் கன அடி தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது!”

இந்தத் தலைப்பைப் போடாத நாளிதழ் தமிழில் இல்லை. இதைச் சொல்லாத கட்சி இல்லை. ஆளுங்கட்சி போன ஆட்சியில் கலந்ததைச் சொல்லும், எதிர்க்கட்சி இந்த ஆட்சியில் கலப்பதைச் சொல்லும். 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்து கொள்ளிடத்தில் தண்ணீர் பாய்ந்தபோது தொலைக்காட்சிகள் ஒப்பாரி வைத்தன: வீண், வீண், வீண். மதகைப் பராமரிக்காதவரைக் கேட்கவேண்டிய கேள்விகளை விட்டுவிட்டுத் தண்ணீரைத் திட்டினார்கள், அது கடலுக்குப் போகிற பாவத்துக்காக.

கடலுக்குப் போகாத ஆறு எப்படி அலையாத்திக் காட்டை வளர்க்கும்? தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு, நடுவே உப்பனாறு, கான்சாகிப் வாய்க்கால். இவை கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் கடல் உப்போடு கலக்கிற இடத்துக்குத்தான் பிச்சாவரம் என்று பெயர். நன்னீர் குறைந்தால் உப்பு ஏறும், உப்பு ஏறினால் தாங்குகிற ஒன்றிரண்டு இனம் மட்டும் குட்டையாக நிற்கும், மற்றவை மெல்ல விடைபெறும். சேற்றில் புழுவும் நண்டும் குறையும். அப்புறம் உள்ளான் எதைத் தின்ன வரும், சான்றிதழையா? பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. காட்டுக்குக் கூப்பிடு தூரம். நன்னீர் குறைவதையும் உப்பு கூடுவதையும் அங்கிருந்து ஆண்டாண்டாக எழுதினார்கள். படிக்கவேண்டியவர்களுக்கு அதைவிட முக்கியமான கோப்புகள் இருந்தன.

கொள்ளிடத்தின் கீழணையில் பிரிகிற தண்ணீர் வடவாற்றில் ஏறி வீராணம் போகிறது. 2004 முதல் வீராணத்திலிருந்து நாளுக்கு 18 கோடி லிட்டர் வரை எடுக்கும் திட்டத்தில், 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் வழியாகச் சென்னை போகிறது. சென்னை குடிக்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? தாகம் தாகம்தான். ஆனால் பைனாகுலரோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பி வந்து, ‘போன தடவையைவிடப் பறவை குறைந்துபோச்சே’ என்று உச்சுக்கொட்டும் சென்னை நண்பரே, காலையில் நீங்கள் குளித்துவிட்டு வந்ததிலும் அந்தப் பறவையின் பங்கு கொஞ்சம் இருக்கலாம். கொள்ளிடத்தின் குறுக்கே ஆதனூர்–குமாரமங்கலத்தில் ஒரு கதவணை வேண்டும் என்று விவசாயிகள் கேட்டார்கள், 2014-ல் அறிவிப்பு வந்தது. கடல்நீர் நிலத்தடியில் ஏறி, கிணறு கரித்து, நிலம் வெளுத்துப்போன கடைமடை விவசாயியின் கோரிக்கை அது. அவன்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அவனும் இந்தக் காடும் ஒரே உப்பில் சாகிறவர்கள். மேலே மணலை அள்ளிக் கொள்ளிடத்தைக் குழியாக்கியவர்கள் யாருக்கும் கிணறு கரிக்கவில்லை என்பதுதான் கோபம். கதவணைக்குத் திட்ட மதிப்பீடு போடும்போது நெல்லுக்கு ஒரு பத்தி, குடிநீருக்கு ஒரு பத்தி, நிலத்தடி நீருக்கு ஒரு பத்தி வரும். கீழே உள்ள காட்டுக்கு எவ்வளவு விட வேண்டும் என்ற பத்தியை யார் எழுதுவது? கேட்டால் ஒரு துறை இன்னொரு துறையைக் கைகாட்டும். காடு வனத்துறைக்கு, படகு சுற்றுலாத்துறைக்கு, தண்ணீர் நீர்வளத்துறைக்கு, இறால் மீன்வளத்துறைக்கு. பறவை யாருக்கு? ஃப்ளெக்ஸ் அடிக்கிறவருக்கு.

இந்த நாட்டில் பறவைக்காகத் தன் செலவில் எதையாவது விட்டுக்கொடுத்தவர்கள் இருக்கிறார்களா என்றால் இருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பட்டாசுக்காக அழாத பிள்ளை எந்த ஊரிலும் இல்லை. இருந்தும் ஊர் கூடி விட்டுக்கொடுத்தது. அதிகாரிகள் வந்து இனிப்புக் கொடுத்துப் பாராட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். அதே அரசு 2020-ல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் எல்லையை மூன்றாகச் சுருக்கக் கோப்பு நகர்த்தியது. கிராமத்துப் பிள்ளை மத்தாப்பை விடலாம், அரசால் இரண்டு கிலோமீட்டரை விட முடியவில்லை.

இனி ஒரு கணக்கு. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பில் 740 டி.எம்.சி. தண்ணீரைப் பங்கு வைத்தது. மூன்று மாநிலங்களுக்கும் புதுச்சேரிக்கும் கொடுத்ததுபோக 10 டி.எம்.சி. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு, 4 டி.எம்.சி. தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்துக் கர்நாடகத்துக்கு ஏற்றியபோதும் இந்தப் பதினான்கில் கைவைக்கவில்லை. நீதிபதிகளுக்கே கடல் வீண் இல்லை என்று தெரிந்திருக்கிறது. தலைப்பு போடுகிறவர்களுக்கும் மைக் பிடிக்கிறவர்களுக்கும்தான் தெரியவில்லை. தமிழ்நாட்டில் காவிரிக்காகச் சட்டை கிழித்தவர்கள், ரயில் மறித்தவர்கள், உண்ணாவிரதம் இருந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பத்து டி.எம்.சி. எங்கே என்று கேட்டு ஒரு பட்டன்கூட அறுந்ததில்லை.

பிச்சாவரத்துக்குப் போய்வந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். படங்களைப் போட்டு முடித்தபிறகு ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், நீர்வளத்துறை, சென்னை. கேள்வி ஒன்று போதும்: சுற்றுச்சூழலுக்கென ஒதுக்கிய 10 டி.எம்.சி.யில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு எந்த மாதத்தில், எந்த மதகு வழியாக, எத்தனை கன அடி விடப்படுகிறது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கட்டணம் பத்து ரூபாய். படகு டிக்கெட்டைவிட மலிவு.